அந்தோணி போட்ட பூட்டு

பூட்டைப் பற்றி என்னிடம் யாரும் கேட்காமல் இருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் கேட்கிறார்கள். ஈப்போவில் லாரி ஓட்டும் இளைஞர்கள் குனோங் ராபாட்டில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பழைய வண்டி, பின்கதவு சரியில்லை, என்ன பூட்டுப் போட்டால் சரக்குக்குக் காவல் என்று கேட்பார்கள். பூட்டை விடுங்கள், கீலைப் பாருங்கள் என்பேன். அவர்களும் போய்ப் பார்த்துவிட்டு, ஐயா பெரிய ஆள் என்று தலையாட்டிக்கொண்டு திரும்புவார்கள். அந்தப் பாராட்டில் எனக்கு ஒரு சந்தோஷமும் கிடையாது. கீல் என்று சொன்ன உடனே அந்தோணியின் முகம் என் முன்னால் வந்து நிற்கும்.

அந்தோணியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன். வயதானால் எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு முழங்கால் வலிதான் வந்தது, பொறாமை அப்படியே இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் லாரி டிரைவர். சுண்ணாம்பு மலைக்குக் கீழே இருந்ததால் கல்மலைத் தோட்டம் என்போம். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதை சின்னது. மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனைத் துரை ஒருநாள் லாரியில் ஏற்றிவிட்டார். முதலில் வாய்க்காலில் இறக்கினேன், பிறகு பாலத்தில் இடித்தேன், அதற்கும் பிறகு எதிலும் இடிக்கவில்லை. அதனால் டிரைவர் ஆனேன்.

லாரி அப்போதே கிழடு. ஐரோப்பாவில் சண்டைக்குப் போய்விட்டு வந்தது என்று சொல்லி ஏலத்தில் எடுத்தார்கள். டயரில் காற்று கிடையாது, கட்டி ரப்பர். முன்னால் நான் உட்காரும் இடத்துக்குக் கதவே இல்லை. பின்னால் சரக்குக்கு மட்டும் நல்ல சேங்கை மரத்தில் பெட்டி அடித்து இரட்டைக் கதவு வைத்திருந்தார்கள். புகைபோட்ட ரப்பர் ஷீட்டு நனையக்கூடாது, டிரைவர் நனையலாம் என்பது துரைமார் கணக்கு.

அந்தக் கதவின் சாவி என்னிடம் இருந்தது. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கல்மலைத் தோட்டத்தில் சாவி வைத்திருந்தவர்கள் மூன்று பேர். பங்களாச் சாவி துரையிடம், ஆபீஸ் சாவி கணக்கெழுதும் பெரிய கிராணியிடம், லாரிச் சாவி என்னிடம். கூலிகள் குடியிருந்த லயத்தில் மற்றவர்களுக்குப் பூட்டி வைக்க எதுவும் இருந்ததில்லை. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பேன். நடக்கும்போது தொடையில் தட்டும். அந்தத் தட்டல் நின்றால் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும்.

துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் பேசுவார், ஆனால் நேற்றும் நாளையும் அவர் தமிழில் கிடையாது. எல்லாம் இன்றுதான். பெரிய கிராணி முதல் சாணி அள்ளுகிறவர் வரை எல்லாரும் 'நீ'. யாராவது ஒரு வேலையை முடித்துவிட்டால் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட மாட்டார். அதைப் பிடித்துத் தொங்குவார். ஏணி செய்தால் ஏணியில் தொங்குவார், கதவு போட்டால் கதவில் தொங்குவார். ஆறடி ஆள், நல்ல கனம். தாங்கினால் சட்டையைத் தட்டிக்கொண்டு "நல்ல வேலை" என்பார். தாங்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அந்த இரண்டு வார்த்தையை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. வண்டி ஓட்டுவதில் அவர் எதைப் பிடித்துத் தொங்குவது?

ரப்பர் விலை கிடுகிடுவென்று ஏறிய சமயம் அது. விலை ஏறினால் திருட்டும் ஏறும். ஒருநாள் ஈப்போவுக்குப் போகும் வழியில் தஞ்சோங் ரம்புத்தான் முனையில், ஒரு ராவுத்தர் வைத்திருந்த கடையில் தேத்தண்ணீர் குடிக்க இறங்கினேன். வண்டி கடைக்குப் பின்பக்கம் நின்றது. ஈப்போ கிடங்கில் போய்ப் பூட்டைத் திறக்கப் பார்த்தால், பூட்டு பூட்டியபடியே ஒரு கதவில் தொங்குகிறது, கதவு தானாகத் திறக்கிறது. கொண்டியை மரத்தோடு பிடித்திருந்த திருகாணிகளை வெளியிலிருந்தே ஒருவன் கழற்றிவிட்டுச் சில கட்டு ஷீட்டை இறக்கியிருக்கிறான். பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை.

துரை முன்னால் போய் நின்றேன். அவர் பூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூட்டு இருக்கு. சாவி உன்கிட்ட இருக்கு. ரப்பர் எங்க போறது?" என்றார். திருகாணி இருந்த ஓட்டைகளைக் காட்டினேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் கையை நீட்டினார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தேன். ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வேட்டியை அவிழ்த்துக் கொடுத்திருந்தாலும் அத்தனை கூச்சம் இருந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் அந்தோணி வந்தான். ஈப்போவில் ஈயச் சுரங்கப் பட்டறை ஒன்றில் இரும்பு வேலை பழகியவன். வேதக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன், நல்ல உயரம், எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்புதான் முதலில் எனக்கு ஆகவில்லை. லாரிக் கதவுக்குப் புதுப்பூட்டுப் போடத்தான் துரை வரவழைத்தார். பிறகு தோட்டத்துக்கே ஃபிட்டராக வைத்துக்கொண்டார்.

அவன் செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது என்பதால் அதை ஒழுங்காகவே சொல்கிறேன். பழைய கொண்டியைப் பிடுங்கி எறிந்தான். திருகாணியே கூடாது என்றான். கதவைத் துளைத்து மறுபுறம் வரை போகும் போல்ட்டு போட்டான். வெளியே தெரியும் தலை உருண்டை, திருப்புவதற்குப் பிளவு கிடையாது. உள்பக்கம் மரத்துக்கு மேல் ஒரு இரும்புத் தகடு வைத்து அதன் மேல் நட்டைப் பூட்டினான். நட்டு கழலாமல் இருக்க போல்ட்டின் முனையைச் சுத்தியால் அடித்துப் பரத்திவிட்டான். கொண்டியை மூடினால் அது போல்ட்டுத் தலைகளையும் சேர்த்து மறைக்கும். அதில் பித்தளைப் பூட்டு ஒன்று, தேங்காய்மூடி அளவு. சாவித் துவாரம் பூட்டின் முகத்தில் இருந்தது.

துரை வந்தார். கொண்டியைப் பிடித்துத் தொங்கினார். லாரியே ஒருபக்கம் சாய்ந்தது, கொண்டி அசையவில்லை. இறங்கிச் சட்டையைத் தட்டினார். "நல்ல வேலை." அவன் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை, காவேரி செய்த கருவாட்டுக் குழம்பைக்கூடத் தொடவில்லை. காவேரி என் மனைவி.

சாவி மூன்று வந்தது. ஒன்று ஏற்றும் இடத்தில் பூட்ட, பெரிய கிராணிக்கு. ஒன்று இறக்கும் இடத்தில் திறக்க, ஈப்போ கிடங்குக்கு. மூன்றாவது, பூட்டு மக்கர் பண்ணினால் பழுதுபார்க்க அந்தோணிக்கு. வண்டியோடு போகிறவனிடம் சாவி இருக்கக்கூடாது என்று யோசனை சொன்னவனே அவன்தான். அதைச் சிரித்துக்கொண்டே என்னிடமும் சொன்னான். "ஒங்களுக்குத்தான் அண்ணே நல்லது. சாவி இல்லாதவன யாரு சந்தேகப்படுவா?" அது உண்மைதான். உண்மை என்பதாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. பூட்டிய வண்டியைச் சாவி இல்லாமல் இழுத்துக்கொண்டு போவதற்கு மாடே போதுமே, நான் எதற்கு?

லயத்தில் அவன் புகழ் பரவியது. தகரப்பெட்டிக் கொக்கி, கோழிக்கூண்டுக் கதவு, எல்லாம் அந்தோணியிடம் போனது. ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் காவேரியின் தகரப்பெட்டியில் புதுக் கொண்டி மின்னுகிறது. அந்தோணித் தம்பி போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார், எவ்வளவு மரியாதையான பிள்ளை என்றாள். அந்தப் பெட்டியில் என் கல்யாண வேட்டி இருந்தது. அதற்குப் பிறகு அதை எடுத்துக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தோட்டத்தில் அதை விமரிசையாகச் செய்வோம். பால் வெட்டும் கத்தி, கோடரி, ஆபீஸ் பேனா, சாவிகள் எல்லாவற்றையும் மாரியம்மன் கோயிலில் அம்மன் காலடியில் பரப்பிவிடுவோம். மறுநாள் காலையில் மறுபூஜை போடும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது. லாரியும் ஆயுதம்தான். கோயிலுக்கு வராது என்பதால் கொட்டகையிலேயே பூஜை. காலி வண்டியைப் பூஜையில் நிறுத்தினால் வருடம் முழுக்கக் காலியாகவே ஓடும் என்று ஒரு நம்பிக்கை எங்களுக்கு. அதனால் முந்தின நாளே ஷீட்டை ஏற்றி, நிறைவண்டியாகப் பூட்டி நிறுத்தினோம். இதை எந்த வெள்ளைக்காரனும், எந்தச் சீன முதலாளித் தவுக்கேயும் செய்ய மாட்டான். ஊர் முழுக்கக் கோயிலில் இருக்கும்போது ஒரு வண்டி ரப்பரைக் கொட்டகையில் விட்டுவைக்க எங்களுக்குத்தான் தோன்றும். காவல்காரனும் கூத்துப் பார்க்கக் கோயிலுக்குப் போய்விட்டான்.

வண்டிக்குச் சந்தனம் வைத்தது நான். விளக்கு, கைப்பிடி, சக்கரம், முடுக்கும் கம்பி என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தேன். கதவுக்கு ஒரு பக்கம் மூன்று கீலாக ஆறு கீல். ஆறுக்கும் பொட்டு வைத்தேன். பிறகு அந்தோணியின் பூட்டு. கையில் மிச்சமிருந்த சந்தனத்தை மொத்தமாக உருட்டி, சாவித் துவாரத்தின் மேலேயே அப்பிக் கட்டைவிரலால் அழுத்தினேன். அதன் மேல் குங்குமம். காய்ந்தால் கல்லாகிவிடும், நாளைக்கு உட்கார்ந்து சுரண்டட்டும் என்ற எண்ணம்தான். பக்தி எல்லாம் இல்லை.

அந்தோணி கொட்டகை ஓரத்தில் நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்தான். உன் சாவியையும் கொண்டுபோய் அம்மன் காலடியில் வை என்று கங்காணி சொன்னார். "வெச்சேன்னு தெரிஞ்சா எங்க சாமியாரு என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு லா" என்று சிரித்தான். சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தேன். பழம் நசுங்கியது, வண்டி முன்னால் போனது, எனக்கு உடம்பில் ஏதோ தப்பாகப் பட்டது. அந்தக் கிழட்டு வண்டி நிறைய ஏற்றினால் முனகும். அன்றைக்கு முனகவில்லை. உடனே நிறுத்திவிட்டு, சரக்கு குறைவாக இருக்கிறது என்று பெரிய கிராணியிடம் சொன்னேன். அவர் சாவி எடுத்து வரக் காத்திராமல், பலகை இடுக்கு வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே பாதி காலி. கதவு மூடியிருக்கிறது, பூட்டு பூட்டியிருக்கிறது.

துரைக்கு ஆள் போனது. அவர் வருவதற்குள் கூட்டம் தீர்ப்பே எழுதிவிட்டது. கங்காணிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஈப்போ சாவி ஈப்போவுல இருக்கு. மத்த எல்லாச் சாவியும் ஆத்தா காலடியில கெடந்துச்சு. ஒரே ஒரு சாவி வெளிய இருந்துச்சு. அது யாருகிட்ட இருந்துச்சு?" அம்மன் காலடியில் கிடந்ததை யாரும் தொட்டிருக்க முடியாது என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அப்படியென்றால் மிச்சம் யார்? நேற்று வரை தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனவர்களே இப்போது அவன் சட்டையைப் பிடித்தார்கள். சட்டைப்பையில் சாவி இருந்தது. இருக்கிறது என்று அவனேதான் எடுத்துக் கொடுத்தான்.

துரை வந்து கேட்டார். அந்தோணி, நான் எடுக்கவில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். துரை, இதே லாரியில் இவனை ஏற்றி ஈப்போ போலீஸில் விடு என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? சாவிக்காரனைச் சாவி இல்லாதவன் கொண்டுபோய் ஜெயிலில் விடப்போகிறான். இதைவிட நல்ல ஆயுத பூஜை எனக்கு வராது. அந்தச் சந்தோஷத்தோடு, அவன் போட்ட பூட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டிக்குப் பின்னால் போனேன்.

நான் அப்பிய சந்தனம் அப்படியே இருந்தது. என் கட்டைவிரல் பதிந்த பள்ளம்கூடக் கலையவில்லை. அந்தத் துவாரத்துக்குள் எந்தச் சாவியும் போகவில்லை.

அப்புறம்தான் கீல்களைப் பார்த்தேன். இடது கதவில் மூன்று பொட்டும் முழுசாக இருந்தன. வலது கதவில் மூன்றும் வெடித்திருந்தன. கீழே பலகையில் சந்தனத் தூள் உதிர்ந்து கிடந்தது. கீலுக்கு நடுவில் போகும் கம்பியை விரலால் பிடித்து மேலே இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே வைத்துவிட்டேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தோணி போய்விடுவான். ஆனால் திருடனாகத்தான் போவான். அவன் பூட்டு உடையாத பூட்டாகவே இருக்கும். பூட்டு நல்ல வேலைதான், ஆள்தான் சரியில்லை என்று துரை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். அதை நினைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் ஜெயிலுக்குப் போவதைவிட அவன் வேலை தோற்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன். என்னைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் சரி, அந்த நிமிஷத்தில் என் மனதில் இருந்தது இதுதான்.

துரையைக் கூப்பிட்டேன். எல்லாரும் வந்து நின்றார்கள். சந்தனத்தைக் காட்டினேன். வெடித்த பொட்டுகளைக் காட்டினேன். வலது கதவின் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினேன். கதவு கீல் பக்கமாகப் பிளந்துகொண்டு வந்தது. ஓர் ஆள் தாராளமாக உள்ளே போகலாம். கொண்டியும் பூட்டும் நடுவில் கெட்டியாக நின்றன.

"ஆளு திருடன் இல்ல தொரை" என்றேன். "வேலதான் சரியில்ல."

துரை கொண்டியையும் பூட்டையும் பார்த்தார். பிளந்த கதவைப் பார்த்தார். எதையும் பிடித்துத் தொங்கவில்லை. அந்தோணியின் சட்டையைப் பிடித்திருந்த கைகள் தானாக விலகின. அவன் முன்னால் வந்து அந்தக் கம்பிகளில் ஒன்றை என் கையிலிருந்து வாங்கினான். அவன் முகம் கூனிக் குறுகிப்போகும் என்று காத்திருந்தேன். ஆனால் அப்படி எதுவும் வரவில்லை.

"ஆமா, நான் கீலப் பாக்கவே இல்ல" என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆசாரி போட்டது நல்லாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். தப்பு என்னுது."

அவ்வளவுதான். தோற்பதைக்கூட அவனால் சுத்தமாகச் செய்ய முடிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் கீல்களைச் சரிசெய்துவிட்டான். கம்பிகளின் இரு முனையையும் அடித்துப் பரத்தினான். கீல் பக்கத்து விளிம்பில் இரும்பு முளைகள் வைத்து, கதவை மூடினால் அவை நிலைக்குள் போய் உட்காரும்படி செய்தான். இனிக் கீலையே பிடுங்கினாலும் கதவு வராது. இன்றைக்கு இளைஞர்களுக்கு நான் சொல்லும் வித்தை முழுக்க அதுதான். மலையடி லாலாங் புல்லுக்குள் கொஞ்சம் ஷீட்டு கிடைத்தது. எடுத்தவன் யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். சாவியைக் கையில் வைத்திருந்தான். துரையிடம் பேசிவிட்டானாம். வண்டி முனகுவதை வைத்துச் சரக்கு குறைந்ததைக் கண்டுபிடிக்கிற ஆளிடம்தான் சாவி இருக்க வேண்டும், தன்னிடம் இருந்து என்ன பிரயோஜனம் என்று சொன்னானாம். துரையும் சரி என்றாராம். காவேரி முன்னாலேயே என் காலைத் தொடக் குனிந்தான். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"நீங்க மட்டும் வாயத் தொறக்கலன்னா நான் இந்நேரம் ஜெயில்ல இருப்பேன் அண்ணே. ஒங்ககிட்ட சாவி இருக்கக்கூடாதுன்னு சொன்னது நான்தான்னு ஒங்களுக்கு என் மேல கோவம் இருந்துச்சு, எனக்குத் தெரியும். அதையும் மீறிச் சொன்னீங்க பாருங்க."

மீறி ஒன்றும் சொல்லவில்லையடா, அந்தக் கோபத்தால்தான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். காவேரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன். துரை கையால் வாங்கியிருக்க வேண்டிய சாவி. இவன் கையால் வந்தது.

அதற்குப் பிறகு பல வருடம் அந்த வண்டியை ஓட்டினேன். அந்தோணி ஈப்போவில் சொந்தப் பட்டறை போட்டான், நன்றாக இருந்தான். போகிற இடமெல்லாம் என் பேரைச் சொன்னான். பரமசிவம் அண்ணன் மாதிரி மனசு யாருக்கும் வராது என்று ஊர் ஊராகச் சொல்லிவைத்திருந்தான். தோட்டத்தில் என்னைக் கண்டால் கங்காணியே எழுந்து நிற்பார். அந்தோணியைத் திட்டி நான் ஒரு வார்த்தை சொன்னால்கூட, எவ்வளவு உரிமை பாருங்கள் என்று சிரித்தார்கள். அவன் மேல் எனக்கிருந்த பொறாமை அப்படியேதான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லாதபடி என்னை நல்லவனாக்கிவிட்டான், பாவி.